தாத்தாவின் பென்சில்

1990ஆம் ஆண்டு இதே கல்லூரி மலரில் என் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அப்போது நான் இளங்கலை வரலாறு இரண்டாமாண்டு மாணவன். ‘தமிழ் நாடகத்தின் பொற்காலம்’ என்பது தலைப்பு. பழைய மலர்களை நம் நூலகத்தில் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். விரும்பும் மாணவர்கள் எடுத்துப் படிக்கலாம். படிக்காமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அதில் நான் பொய் எதுவும் எழுதிவிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த கதை அதில் இருந்தது. சுவாமிகள் சனீசுவரன் வேடம் புனைந்து நடித்துவிட்டு விடியற்காலையில் வேடம் கலைக்கக் குளத்துக்குப் போனபோது, அந்தக் கோலத்தைக் கண்ட ஒரு பெண் அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்றும் சொல்வார்களே, அதுவும் இருந்தது. கிட்டப்பா 1933இல் 27 வயதிலேயே மறைந்தது, சுந்தராம்பாள் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க 1 இலட்சம் ரூபாய் பெற்றது, விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் நாடக மேடையிலேயே உயிர் நீத்தது எல்லாம் வரிசையாக வந்தன. அந்த நாள் இனி வருமா என்று ஏக்கத்தோடு முடித்திருந்தேன். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி முதுகில் தட்டிக் கொடுத்தார். மூன்று நாள்கள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அக்கட்டுரையில் எனக்கு ஒரு தனி உரிமையும் உண்டு என்று எண்ணியிருந்தேன். என் தாயைப் பெற்ற தாத்தா சிறுவயதில் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர். ‘என் பாட்டனாரும் அப்பொற்காலத்தின் ஒரு துளியே’ என்று நடுவில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மலர் கைக்கு வந்த வாரமே ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெற்றிலை இடிக்கும் சிற்றுரல். நான் முழுக் கட்டுரையையும் உரக்கப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவரைப் பற்றிய வரி வந்தபோது நான் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன்; முகத்தில் அசைவில்லை. முடிந்ததும் கண் திறந்து, “நல்லாத்தான் எழுதியிருக்கே அப்பு. சோறு எத்தனை வேளைன்னு எழுதலையே” என்றார்.

“அதெல்லாம் கட்டுரைக்கு வராது தாத்தா.”

“அப்படியா” என்றார். உரலை இழுத்து வைத்துக்கொண்டு வெற்றிலை இடிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. படிக்காத கிழவருக்குக் கட்டுரையின் அருமை எப்படித் தெரியும் என்று எண்ணிச் சமாதானம் செய்துகொண்டேன். அந்த எண்ணம் இரண்டு வகையில் பிழை. ஒன்று, அவர் படிக்காதவர் அல்லர். இரண்டாவதை இனிச் சொல்கிறேன்.

நாடகம், சினிமா, பாட்டு, கேளிக்கை பற்றிய வாழ்க்கை நினைவு நூல்கள் என்றால் எனக்கு அந்த நாளிலேயே பித்து. வரலாற்று மாணவன் கையில் அப்படியொரு நூலைப் பார்த்தால் ஆசிரியர்கள் ஒரு மாதிரிப் புன்னகை செய்வார்கள். சோழர் காலக் கல்வெட்டு வரலாறு. கூத்தாடியின் கதை பொழுதுபோக்கு. ஆதலால் நூலகத்தில் தடித்த வரலாற்று நூல் ஒன்றின் நடுவே வைத்துப் படிப்பேன். தியடோர் பாஸ்கரன் 1981இல் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்ற ஆங்கில நூலில், விடுதலைப் போராட்டச் செய்தியை நாடகமும் பாட்டும் தொடக்ககாலச் சினிமாவும் எப்படி ஊர் ஊராகக் கொண்டு சென்றன என்று ஆவணச் சான்றுகளோடு எழுதியிருப்பதை முதுகலை படிக்கும்போதுதான் அறிந்தேன். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்ததால் அரசாங்கம் நாடகங்களைக் கண்காணித்தது. கண்காணித்ததால் காகிதம் மிஞ்சியது. ஒரு கூத்தாடி வரலாற்றுக்குள் நுழைய வேண்டுமானால் ஒன்று அவன் பெரும்புகழ் பெற வேண்டும், அல்லது போலீசாருக்கு அவன்மேல் ஐயம் வர வேண்டும். இரண்டும் வாய்க்காத ஆயிரம் பேரைப் பற்றி அப்போது எனக்கு நினைவில்லை.

என் பொற்காலக் கட்டுரைக்குத் துணைநின்ற நூல்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’, ஆறு பாகங்கள். மற்றொன்று அவ்வை டி. கே. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’. இரண்டையும் ஒரே மூச்சில் படித்து ஒரே குடத்தில் ஊற்றிவிட்டேன். இன்று வகுப்பில் ஒரு மாணவர் அப்படிச் செய்தால் சிவப்பு மையால் சுழிப்பேன்.

முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர்; வழக்கறிஞர்; பின்னாளில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். சபையில் நடித்தவர்கள் அவரைப் போலவே ஆங்கிலம் பயின்று உத்தியோகம் பார்த்த கனவான்கள். மாலையில் ஒத்திகை. நாடகம் சோபிக்காவிட்டால் மனம் வருந்தும். ஆனால் மறுநாள் காலையில் கோர்ட்டும் ஆபீசும் அவர்களுக்காகத் திறந்தேயிருக்கும். அந்த நினைவுகளில் ஓர் இனிமை ஓடுவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. தம் குறைகளைத் தாமே சொல்லிக்கொள்ளும் நேர்மையும் அவரிடம் உண்டு, அதை மறுக்கக்கூடாது.

பாய்ஸ் கம்பெனியின் கதை வேறு. அது ஏன் தோன்றிற்று என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்றால் பெயர்பெற்ற நடிகர்கள் பல ஊர்களிலிருந்து வந்து அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் ஒருவரை ஒருவர் மடக்கத் தர்க்கம் வளரும். கைதட்டலும் வளரும். கதை எங்கோ தெருமுனையில் நிற்கும். எழுதிய பாட்டை எழுதியபடி பாட, சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்தபடி பேச, சிறுவர்களே தக்கவர்கள் என்று சங்கரதாஸ் சுவாமிகள் கண்டார். 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ என்ற பெயரில் அவருடைய சிறுவர் குழு எழுந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். 1912இல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது வயது 6. சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். 1925இல் சகோதரர்கள் ‘ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை’ என்று தாங்களே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இப்படியே பல ஊர்களில் பல கம்பெனிகள் கிளைத்தன.

அவற்றுள் ஒன்றில்தான் தாத்தா இருந்தார். எதில் என்று அவர் சொன்னதேயில்லை. ஒன்பது வயதில் சேர்த்தார்கள், பதினான்கில் திரும்பி வந்தார் என்ற அளவில்தான் வீட்டில் பேச்சு. வந்தபின் ஒரு ரைஸ் மில்லில் கணக்கெழுதியே வாழ்நாளைக் கழித்தார். பாடிக் கேட்டவர் யாருமில்லை. மாரியம்மன் திருவிழாவில் அரிச்சந்திரன் நாடகம் போட்டால் அன்று மாலையே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயற்காட்டுக் கொட்டகைக்குப் படுக்கப் போய்விடுவார். “கூத்தாடிக் கழுதைக்குக் கூத்துன்னா ஆகாது” என்று அம்மாச்சி சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

தாத்தா 1992இல் காலமானார். வீட்டைப் பிரித்துக் கட்டியபோது, 1996 என்று நினைக்கிறேன், பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். மில் கணக்கு நோட்டுகள், ஒரு பழைய பஞ்சாங்கம், இரண்டணா மூன்றணாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு. அவற்றுக்கு அடியில் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட தடித்த நூல் ஒன்று. அட்டைமேல் பெயர் எழுதவில்லை. பிரித்துப் பார்த்தால் ‘எனது நாடக வாழ்க்கை’, 1972ஆம் ஆண்டுப் பதிப்பு! நான் எந்த நூலைப் படித்துவிட்டு அவருக்கே பாடம் சொல்லப் போனேனோ, அதே நூல். எனக்குப் பதினெட்டு ஆண்டு முந்தி அவர் அதைப் படித்திருக்கிறார். மில் கணக்கர் சம்பளத்தில் அந்த விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதுவுமல்லாமல், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். கணக்குப்பிள்ளைக்கே உரிய சின்னஞ்சிறு எழுத்து. பெரும்பாலும் ஒரு சொல், இரண்டு சொல்.

‘அபிமன்யு சுந்தரி’ ஒரே இரவில் எழுதப்பட்டதைச் சொல்லும் இடத்தில், “எங்களுக்கு மனப்பாடம் ஆக ஒரு மாதம்” என்று இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அதிசயத்தை எத்தனை நூலில் படித்திருக்கிறேன்! அந்த ஒரே இரவுப் பாட்டுகளை நெட்டுருப் போட்ட பிள்ளைகளின் பகல்களை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அதிகாலையில் எழுப்பிப் பாட்டுப் பயிற்சி நடப்பதைப் பற்றிய ஒரு பக்கத்தில், “ஆம். குளிர்” என்று மட்டும். இன்னொரு பக்கத்தில், “பிரம்பு எங்களுக்கு இரண்டு. ஒன்று பாட்டுக்கு, ஒன்று வசனத்துக்கு.” ஆனால் வேறோர் இடத்தில் சொல்லின் உச்சரிப்பைப் பற்றிய பேச்சு வருகிறது, அங்கே, “என் தமிழ் இங்கே வந்தது” என்று எழுதி அதன்கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர் சந்தப்பாட்டை அடி பிறழாமல் வாசிப்பதைக் கேட்டு நாங்கள் வியந்ததுண்டு. பிரம்பும் தமிழும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன. அவர் இரண்டையும் குறித்து வைத்தார். ஒன்றைக்கொண்டு மற்றதை அழிக்கவில்லை. நான் இதைக் கற்றுக்கொள்ள இன்னும் பத்தாண்டு ஆயிற்று.

மிக அழுத்தமான கோடு மகரக்கட்டு பற்றிய பகுதியில் இருந்தது. இன்றைய மாணவர்களுக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். சிறுவன் வாலிபனாகும் பருவத்தில் தொண்டை உடைந்து குரல் மாறுவதை நாடகக்காரர்கள் இப்படிச் சொல்வார்கள். நமக்கு அது வயதின் ஒரு வேடிக்கை. அவர்களுக்குப் பிழைப்பின் முடிவு. ஒலிபெருக்கி பரவாத காலம். இரவு தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவன் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். எத்தனை கட்டைச் சுருதியில் பாடுகிறான் என்பதே பையனுடைய விலை. கிட்டப்பா ஐந்து கட்டையில் பாடினார் என்று இன்றும் பெருமை பேசுகிறோம். பெண்வேடம் கட்டும் பையனுக்கோ குரல்தான் எல்லாம். முத்துவெள்ளையும் அரிதாரமும் முகத்தை மாற்றும், தொண்டையை மாற்றா. உடைந்த குரல் நல்லபடியாகத் திரும்பி வந்தால் ராஜபார்ட். வராவிட்டால் படுதா இழுக்கலாம், பெட்டி தூக்கலாம், வீட்டுக்குப் போகலாம். தாத்தா அங்கே எழுதியிருந்தது ஒரே சொல்: “மாசி.” எந்த ஆண்டு மாசியோ, எந்த ஊர் முகாமோ, தெரியவில்லை. மாதம் மட்டும் மறக்கவில்லை.

அதன்பிறகு எனக்கு இவ்வகை நூல்களைப் பழையபடி படிக்க முடியவில்லை. விருப்பம் குறைந்துவிட்டது என்று பொருளல்ல, கூடிவிட்டது. ஆனால் ஒவ்வொன்றிலும் தாத்தாவின் கேள்வியையும் உடன் எடுத்துக்கொண்டு போகிறேன். எம்.ஜி.ஆர். ஆனந்த விகடனில் ‘நான் ஏன் பிறந்தேன்’ தொடரை எழுதினார்; வறுமை அவரையும் அவர் தமையனாரையும் பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பிற்று. சிவாஜி கணேசனின் சுயசரிதை அவர் மறைவுக்குப்பின் 2002இல் நூலாக வந்தது. தாய் தந்தை இருக்கும்போதே தாம் ஓர் அநாதை என்று சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்துகொண்டதையும், முதலில் சீதை வேடம் கட்டியதையும் அவர் சொல்கிறார். இவர்கள் துன்பத்தை மறைத்தார்கள் என்று யாரும் குறை கூற முடியாது. பட்டினியும் வருகிறது, அடியும் வருகிறது. ஆயினும் படிக்கிற நமக்கு முடிவு முன்பே தெரியும். சீதை வேடக்காரப் பையன் 1952இல் ‘பராசக்தி’யில் வரப்போகிறான், பிரம்படி விழும்போதே நம் மனம் கைதட்டக் காத்திருக்கிறது. அந்தச் சிறுவன் பெரிய நடிகனாகாமல் ஊர் திரும்பியிருந்தால் அந்த அடிக்கு என்ன பொருள்? அப்படித் திரும்பியவன் நூல் எழுதுவதில்லை. எழுதினாலும் அச்சிடுவார் யார்? ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒரு வாழ்நாள் முழுதும் படங்களின் விவரங்களைத் திரட்டி 2004இல் தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் பெருநூலாகத் தந்தார். சினிமாவுக்காவது அப்படி ஒரு மனிதர் வாய்த்தார். கம்பெனி வீட்டில் எத்தனை பிள்ளைகள் படுத்து எழுந்தார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை.

சண்முகம் தம் நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1973இல், மறைந்துவிட்டார். அந்நூல் இல்லாவிட்டால் தாத்தா எந்த ஓரத்தில் எழுதியிருப்பார் என்றும் எண்ணிப் பார்க்கிறேன். பெரியவர் ஒருவர் பக்கம் பக்கமாக நினைவைக் கொட்டியதால்தான் சிறியவர் ஒருவருக்குப் பென்சிலை எடுக்கத் துணிவு வந்திருக்கிறது. ஆதலால் அந்த நூல்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அதிலிருந்து மினுங்குவதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்த அந்த இரண்டாமாண்டு மாணவன்மேல்தான்.

நூலின் கடைசியில் ஒரு வெற்றுத் தாள் உண்டு. அதில் தாத்தா ஒரு பட்டியல் எழுதியிருந்தார். பெயர்கள் இல்லை. வேடங்கள்தாம். கூட இருந்த பிள்ளைகளை அவர் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார் போலும். இந்த மலரின் ஆசிரியர் குழு இடம் கொடுத்ததால் அப்படியே தருகிறேன்:

ராஜபார்ட் – பெரிய கம்பெனி.
நாரதர் – அம்மை – மானாமதுரை.
பாஞ்சாலி – ஓடிவிட்டான்.
கிருஷ்ணன் – மலாயா.
பபூன் – சினிமா – கூட்டத்தில்.
தோழி இருவர் – தெரியாது.
லோகிதாசன் – அவன் அம்மா வந்து கூட்டிப் போனாள்.
சந்திரமதி – தொண்டை – வீடு.

‘அம்மை’ என்று எழுதியிருப்பது நோயை. மானாமதுரை முகாமில் அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்பதைக் கோட்டுக்கு அப்பால் தாத்தா எழுதவில்லை.

இதை அம்மாச்சிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் கையமர்த்தி, “நில்லு, நில்லு” என்றாள். கல்யாணமான புதிதில் தாத்தா தூக்கத்தில் ‘சந்திரமதி, சந்திரமதி’ என்று பிதற்றுவாராம். நாடகக் கம்பெனியில் இருந்தவராயிற்றே, எவளோ ஒருத்தி என்று அவள் பல ஆண்டு மனத்துக்குள் புழுங்கியிருக்கிறாள். கேட்டதில்லை. அரிச்சந்திரன் மயான காண்டத்தில் பாம்பு கடித்து மாண்ட மகன் லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி அழும் கட்டம் விடியற்காலை நேரத்தில் வரும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து, அந்த வேளையில், தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவனை மடியில் போட்டுக்கொண்டு ஊர் முழுதையும் அழவைத்திருக்கிறான். அம்மாச்சி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அந்த லோகிதாசப் பய எந்த ஊரோ” என்றாள்.

பட்டியலுக்குக் கீழே இன்னும் ஒரு வரி உண்டு. நூல் முழுதும் பென்சில் எழுத்து. இது மட்டும் நீல மை. கை நடுங்கிய எழுத்து. வரி ஒருபக்கம் சரிந்திருக்கிறது.

“சோறு இரண்டு வேளை. நாடகம் உள்ள நாள் மூன்று.”

மில்லை விட்டு நின்றபின் தாத்தா பேனாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. 1990இல் கட்டுரை படித்துக் காட்டப் போனபோது என் நீலப் பேனா ஒன்றைத் திண்ணையில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். கடிதம் போட்டுக் கேட்டதற்கு, காணோம் என்று அம்மாச்சி பதில் எழுதச் சொல்லியிருந்தாள்.